சுரங்க மெட்ரோவுக்குச் செட்டிநாட்டிலிருந்து எதைக் கொண்டுபோவது?

சென்னையில் பூமிக்கடியில் ஒரு மெட்ரோ ஸ்டேஷன். அதற்குச் செட்டிநாட்டுச் சாயல் வேண்டும். எதை எடுப்பது? ஆத்தங்குடிக் கல் (கையால் வார்க்கிற பூப்போட்ட சிமெண்ட் தரைக் கல்), சுண்ணாம்புப் பூச்சு, பர்மாத் தேக்கு, முகப்பு, முற்றம் என்று கையில் ஐந்து இருக்கின்றன. கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று கேமராவும் டேப்புமாக வருகிறார்கள். திரும்பும்போது பெரும்பாலும் கல்லில் உள்ள பூ டிசைனைத்தான் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். என் தங்கை மகளும் கடைசி ஆண்டு புராஜெக்ட்டுக்கு இதையே எடுத்திருக்கிறாள். “அம்மான், ஏதாவது ஒண்ணைத்தான் எடுக்கணும்னு சார் சொல்லிட்டாரு. எல்லாத்தையும் போட்டா கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடுமாம்” என்றாள். சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

என் ஓட்டு முற்றத்துக்கு. காரைக்குடியில் பழைய வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுக்கிற வேலையில் இருப்பவன் நான். இந்த ஐந்தும் தினமும் புழங்குகிற சாமான்கள். எது எவ்வளவு தாங்கும், எது எங்கே கைவிடும் என்று ஓரளவு தெரியும். அதனால் மற்ற நாலையும் ஏன் தள்ளுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் ஒன்றைத் தள்ள எனக்கே மனசில்லை.

அதற்கும் முன்னால், எதை வைத்து அளப்பது என்று ஒரு முடிவுக்கு வரவேண்டும். 1863 ஜனவரி 10 அன்று லண்டனில் பாடிங்டனுக்கும் ஃபாரிங்டனுக்கும் இடையே உலகின் முதல் சுரங்க ரயில் ஓடியது. சாலையைத் தோண்டி, இரண்டு பக்கமும் செங்கல் சுவர் எழுப்பி, மேலே வளைவு கட்டி, மறுபடி மூடினார்கள். உள்ளே ஓடியது நீராவி எஞ்சின். புகை, இருட்டு, சுவரில் கசியும் தண்ணீர், எந்தப் பக்கம் வெளியே போவது என்று முழிக்கும் கூட்டம். இந்த நாலு தொல்லைகளில் மூன்று இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. மின்சார ரயில் வந்ததும் எஞ்சின் புகை போனது; அந்த இடத்தில் தீ விபத்துப் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. பாரிஸ் 1900, நியூயார்க் 1904, மாஸ்கோ 1935, கொல்கத்தா 1984 என்று எந்த ஊரை எடுத்தாலும், நாம் அலங்காரம் என்று நினைப்பதில் பாதி இந்தத் தொல்லைகளில் ஏதோ ஒன்றுக்குச் செய்த வைத்தியம். பாரிஸ் மெட்ரோவின் வெள்ளை டைல்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரம் சரித்த, பளபளப்பான சின்னச் செவ்வகங்கள். அந்தக் காலத்து மின்விளக்கின் மங்கல் வெளிச்சத்தை நாலு பக்கமும் திருப்பியடிக்கத்தான் அவற்றைப் பதித்தார்கள். ஆகவே செட்டிநாட்டுப் பொருள் எதுவாக இருந்தாலும், கீழே போனால் அது எந்தத் தொல்லையைக் குறைக்கும் என்று கேட்டுவிடுவது நல்லது.

ஆத்தங்குடிக் கல்

நான் தள்ள மனசில்லை என்று சொன்னது இதைத்தான். இதன் பக்கம் பலமான சாட்சியும் இருக்கிறது.

1906, 1907 ஆண்டுகளில் லண்டனில் மூன்று சுரங்கப் பாதைகள் திறந்தன. அவற்றின் ஸ்டேஷன்களை வடிவமைத்தவர் லெஸ்லி கிரீன். தெருவில் நின்று பார்த்தால் கருஞ்சிவப்பு மெருகு ஓட்டுக் கட்டடம்; தூரத்திலிருந்தே ஸ்டேஷன் என்று தெரிந்துவிடும். கீழே பிளாட்ஃபாரத்தில் அவர் செய்தது இன்னும் சாமர்த்தியம். ஒவ்வொரு ஸ்டேஷன் சுவருக்கும் வேறு நிறம், வேறு கோலம். தினமும் போய்வருகிறவர் பெயர்ப் பலகையைத் தேட வேண்டாம். ஜன்னலுக்கு வெளியே பச்சைக் கட்டம் ஓடினால் இந்த ஸ்டேஷன், பழுப்புப் பட்டை ஓடினால் அந்த ஸ்டேஷன் என்று பழகிவிடும். பாவம், மனிதர் 1908-லேயே 33 வயதில் இறந்துவிட்டார். அவர் போட்ட கோலங்களில் பல இன்றும் சுவரில் இருக்கின்றன, சில பழையபடியே செய்து மாற்றப்பட்டிருக்கின்றன.

இதைக் கேட்டதும் யாருக்கும் ஆத்தங்குடிதான் நினைவுக்கு வரும். எத்தனை டிசைன், எத்தனை நிறம்! ஒரு ஸ்டேஷனுக்கு ஒரு பூ என்று வைத்தால் சென்னை முழுக்கக் கொடுக்கலாம். என் தங்கை மகள் போட்ட முதல் படத்திலும் தரை, சுவர், தூண் எல்லாம் ஆத்தங்குடிதான்.

சிக்கல் அந்தக் கல் எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது. ஆத்தங்குடியில் ஏதாவது ஒரு பட்டறையில் அரை மணி நேரம் நின்றால் போதும். ஒரு கண்ணாடித் துண்டு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். இதழுக்கு மஞ்சள், நடுவுக்குச் சிவப்பு, மூலைக்குப் பச்சை. பிறகு அச்சை அலுங்காமல் மேலே தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றோடொன்று தொட்டு நிற்கும், கலக்காது. கை பழகாதவர் தூக்கினால் அந்த நொடியில் பூ குழம்பிவிடும். அதன் மேல் மணலும் சிமெண்டும் கலந்த உலர்ந்த பொடி, அதன் மேல் கலவை, மட்டம் தட்டி ஓரமாக வைத்தால் மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். ஊறி, காய்ந்த பிறகு கண்ணாடியைப் பிரித்தால் அடியில் இருக்கிற முகம் கண்ணாடி போலவே மின்னும். சூளை கிடையாது, மெருகுப் பூச்சு கிடையாது. அந்த மினுக்கம் முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

லண்டன் ஓடு நெருப்பில் வெந்து, மேலே மெருகு ஏறியது. ஆத்தங்குடிக் கல் நெருப்பையே பார்க்காத சிமெண்ட். வீட்டில் அது நூறு வருஷம் நிற்பதற்குக் காரணம், அதன் மேல் நாம் வெறுங்காலோடு நடக்கிறோம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வருகிற வீடு. தினமும் ஈரத் துணியால் துடைக்கிறோம், எப்போதாவது கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்க்கிறோம். கால் படப்பட மினுக்கம் கூடுகிறது. மெட்ரோ ஸ்டேஷனில் வருவது செருப்பும் ஷூவும், அடியில் ஒட்டிய மணலும், டிராலிப் பெட்டிச் சக்கரமும். மழைக்காலத்தில் சேறு. இவ்வளவையும் விட எனக்குப் பெரிய பயம் ஆசிட்தான். நம் ஊரில் பொது இடத்துத் தரையில் கறை படிந்தால் முதலில் யாராவது ஆசிட் பாட்டிலைத்தான் எடுப்பார்கள். சிமெண்ட் முகத்தில் ஒரு தடவை ஆசிட் பட்டால் பூ வெளுத்துவிடும். அப்புறம் எந்த எண்ணெயாலும் அதை மீட்க முடியாது. தரைக்குச் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டே உத்தமம். வழுக்காது, தேயாது, யார் எதை ஊற்றினாலும் சமாளிக்கும்.

சுவருக்கு வைக்கலாமே என்றால், வைக்கலாம். ஆனால் கல் கனம். சுரங்க ஸ்டேஷனின் வெளிச்சுவர் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் எங்காவது கொஞ்சம் கசியும். அதனால் உள்பக்கம் தெரிகிற சுவர் அந்தக் கான்கிரீட்டின் மேல் நேராக ஒட்டியதாக இருக்காது. நடுவே இடைவெளி விட்டு, உலோகச் சட்டத்தில் தகடுகளைத் தொங்கவிடுவார்கள். கசிகிற நீர் அந்த இடைவெளியில் இறங்கி வடிகாலுக்குப் போகும். பழுது பார்க்க வேண்டுமானால் ஒரு தகட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டிவிடலாம். முக்கால் அங்குலக் கனமுள்ள சிமெண்ட் கல்லை இப்படித் தொங்கவிடுவது முடியாத வேலை இல்லை. பண்ணுகிறவர் திட்டிக்கொண்டே பண்ணுவார். ஒரு பட்டையாக, கண் மட்டத்தில், கிரீன் வைத்த மாதிரி அடையாளத்துக்கு வைத்தால் எனக்குச் சம்மதம். ஸ்டேஷனையே அதன் மேல் கட்டுவதற்குச் சம்மதமில்லை.

சுண்ணாம்பும் தேக்கும்

சுண்ணாம்புப் பூச்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுட்ட சுண்ணாம்பு, கடுக்காய்ச் சாறு, கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கரு என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. கடைசியில் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து வருகிற வழவழப்பு. சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். இது மூச்சு விடுகிற சுவர், அதுதான் இதன் பலம். தொங்கும் தகட்டில் இதற்கு வேலையே இல்லை. ஈரக் கான்கிரீட்டின் மேல் நேராகப் பூசினால் உப்புப் பூத்து உதிரும். போதாததற்கு, சுரங்கத்தில் ரயில் ஓடினால் சக்கரமும் பிரேக்கும் தேய்ந்து பொடி இரும்புத் தூசு பறந்துகொண்டே இருக்கும். வெள்ளைச் சுவர் எவ்வளவு நாள் வெள்ளையாக இருக்கும்? பெரிய கொத்தனார்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களை அனுப்ப வேண்டிய இடம் பூமிக்கடியில் இல்லை.

தேக்கு விஷயம் அப்படி விட்டுவிட முடியாதது. வளவை, அதாவது முற்றம் உள்ள நடுக்கட்டை, சுற்றி நிற்கிற பர்மாத் தேக்குத் தூண்களைப் பார்த்தவர் யாரும் பிளாட்ஃபாரத்தில் அப்படி ஒரு வரிசை நின்றால் எப்படி இருக்கும் என்று கற்பனை செய்யாமல் இருக்க மாட்டார். கிங்ஸ் கிராஸ் என்ற பெயரைக் கேட்டதும் அந்தக் கற்பனையைக் கைவிட வேண்டும். 1987 நவம்பர் 18 மாலை, லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் மர எஸ்கலேட்டர் ஒன்றின் அடியில் தீப் பிடித்தது. யாரோ பற்றவைத்துவிட்டுப் போட்ட தீக்குச்சி இடுக்கில் விழுந்து, கீழே வருஷக்கணக்கில் சேர்ந்திருந்த கிரீஸ், பஞ்சு, குப்பையில் பற்றியிருக்கிறது. முதலில் பார்த்தவர்களுக்கு அது சின்னத் தீ. எஸ்கலேட்டரின் சரிவுப் பள்ளத்தில் நெருப்பு படிகளோடு ஒட்டிப் படுத்து மேலே ஏறி, திடீரென்று மேல்தளத்து டிக்கெட் ஹாலுக்குள் வெடித்துப் பாய்ந்தது. 31 பேர் இறந்தார்கள். சரிவுப் பள்ளத்தில் தீ இப்படிப் படுத்து ஏறும் என்பதே விசாரணையில்தான் தெளிவாகப் புரிந்தது. அதற்குப் பிறகு லண்டன் சுரங்க ஸ்டேஷன்களிலிருந்து மர எஸ்கலேட்டர்கள் ஒவ்வொன்றாகப் போயின. தீ பிடிக்காத பொருள்தான் வேண்டும் என்ற விதி உலகம் முழுக்க இறுகியது.

ஒரு கைப்பிடி, ஒரு பெஞ்சு தேக்கில் வைத்தால் என்ன என்று கேட்கலாம். தரைக்கு மேலே, வாசலில், வைத்துக்கொள்ளட்டும். கீழே வேண்டாம்.

முகப்பு

பாரிஸில் 1900-இல் எக்தோர் கீமார் செய்த வாசல்கள்தான் இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம். வார்ப்பிரும்பில் கொடியும் மொட்டுமாக வளைந்த கம்பம், மேலே கண்ணாடி விதானம். முதலில் திட்டினார்கள், பிறகு சில வாசல்களைப் பிடுங்கியும் போட்டார்கள், இப்போது மிஞ்சியவற்றைப் பொக்கிஷமாகக் காக்கிறார்கள். அதைப் போல நம் முகப்பை வைக்கலாமா? இரட்டைத் தூண், மேலே சுதையில் லட்சுமி, சில வீடுகளில் இருக்கிற மாதிரி இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு வெள்ளைக்காரச் சிப்பாய்.

வேண்டாம். செட்டிநாட்டு முகப்பு ஒரு குடும்பம் தன் செல்வாக்கைத் தெருவுக்குச் சொல்வது. ஒரு மெட்ரோ ஸ்டேஷனுக்கு நாலு வாசல், நாலும் தெரு நடைபாதை ஓரத்தில் பேருந்து நிறுத்தத்தோடு இடித்துக்கொண்டு நிற்கும். அங்கே முகப்பைச் சின்னதாக்கி நாலு தடவை ஒட்டினால் சாப்பாட்டுக் கடை வாசல் என்றுதான் நினைப்பார்கள். நாலு படி கீழே இறங்கியதும் செட்டிநாடு முடிந்துவிடும். இருட்டுக்கும் கசிவுக்கும் கூட்டத்துக்கும் அது ஒன்றும் செய்யவில்லை.

முற்றம்

இங்கேதான் நான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். செட்டிநாட்டு வீடு என்றதும் நாம் சொல்கிற சாமான்களில் எவ்வளவு செட்டிநாட்டில் விளைந்தது? தேக்கு பர்மாவிலிருந்து. பளிங்கு இத்தாலியிலிருந்து. சுவர் ஓட்டில் பல ஜப்பானிலிருந்து, நிலைக்கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, இரும்புத் தூண் பர்மிங்காமிலிருந்து. ஆத்தங்குடிக் கல் நம் மண்ணில் நம் கையால் செய்வது, உண்மை. ஆனால் சிமெண்டில் பூக்கல் வார்க்கும் தொழில்நுட்பம் ஐரோப்பாவில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. கப்பலில் வந்த சாமான்களை எல்லாம் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார் ஒரு வீட்டுக்குள் அடுக்கினார்களே, அந்த அடுக்கு யாரிடமும் வாங்கியதல்ல. நான் ஸ்டேஷனுக்கு எடுத்துப்போகச் சொல்வது அந்த அடுக்கை.

தெருவிலிருந்து திண்ணை. திண்ணை வரை யாரும் வரலாம், உட்காரலாம், கேட்க ஆள் இல்லை. அங்கிருந்து நிலைக்கதவைத் தாண்டினால் வளவு, அதன் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். அடுத்து இரண்டாங்கட்டு, இன்னொரு முற்றம். அப்புறம் சமையல் கட்டு. கடைசியில் பின்வாசல், அடுத்த தெரு. முன்வாசலில் நின்று பார்த்தால் நிலைக்கதவுகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் திறந்து, பின்வாசல் வெளிச்சம் வரை கண் ஓடும். வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுவதால் எங்கே இருக்கிறோம், இன்னும் எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்று புதிதாக வந்தவருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தாலும் ‘சாப்பாடு எங்கே’ என்று போர்டு வைக்க வேண்டியதில்லை.

இப்போது ஸ்டேஷனுக்கு வாருங்கள். தெரு, அதற்குக் கீழே டிக்கெட் வாங்குகிற கான்கோர்ஸ், தடுப்புக் கதவு, அதற்கும் கீழே பிளாட்ஃபாரம். டிக்கெட் இல்லாதவர் நிற்கக்கூடிய இடம் திண்ணை. கதவைத் தாண்டினால் வளவு. வரிசை அதேதான். ஸ்டேஷனில் இல்லாதது நடுவில் ஒரு திறப்பு.

இல்லாதது என்று சொன்னேன், ஆனால் சுரங்க ரயிலின் சரித்திரத்தில் அந்தத் திறப்பை ஆரம்பத்திலிருந்தே தேடியிருக்கிறார்கள். 1863-லேயே லண்டன் பேக்கர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனின் செங்கல் வளைவில், பக்கச் சுவரில் சாய்வாகத் துளை வைத்து, உள்ளே வெள்ளை மெருகு ஓடு பதித்து, தெருவின் பகல் வெளிச்சத்தைப் பிளாட்ஃபாரத்துக்கு இறக்கினார்கள். அந்த வளைவுகளை இன்றும் பார்க்கலாம். இப்போது அவற்றுள் எரிவது மின்விளக்கு. நியூயார்க்கின் முதல் பாதை 1904 அக்டோபர் 27-இல் திறந்தபோது அதன் மகுடம் சிட்டி ஹால் ஸ்டேஷன். குவாஸ்டவினோ முறையில் மெல்லிய ஓடுகளை அடுக்கிக் கட்டிய வளைவுகள், நடுவே கண்ணாடிக் கூரைத் திறப்புகள், அதன் வழியே மேலே உள்ள பூங்காவின் வெயில். இரண்டாம் உலகப் போரில் விமானத் தாக்குதலுக்குப் பயந்து அந்தக் கண்ணாடிகளைக் கறுப்பாக மறைத்தார்கள். பிளாட்ஃபாரம் வளைவாக இருந்ததால் நீளமான புதிய ரயில்கள் நிற்க முடியவில்லை; 1945 கடைசி நாளோடு ஸ்டேஷனையே மூடிவிட்டார்கள்.

மாஸ்கோ வேறு வழியில் போனது. 1938-இல் திறந்த மாயகோவ்ஸ்கயா ஸ்டேஷன் 33 மீட்டர் ஆழம். வானம் அங்கே வர வழியே இல்லை. வடிவமைத்த அலெக்சி துஷ்கின் கூரையில் வரிசையாகக் குழிந்த கிண்ணங்களை வைத்தார். ஓவியர் தெய்னேகா ஒவ்வொன்றிலும் மொசைக்கில் ஒரு நாளின் வானத்தை வரைந்தார். மொத்தம் 34 படங்கள். விமானம், பாராசூட், பறவை, பூத்த கிளை. எல்லாம் கீழிருந்து அண்ணாந்து பார்க்கிற கோணம். ஆழத்தில் இருப்பவருக்கு வானத்தின் படம் கொடுத்தார்கள். அழகில் உலகத்தில் அதற்கு ஈடு சொல்வது கஷ்டம். இருந்தாலும் படம் படம்தான்; மழை வருகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

நான் என் தங்கை மகளிடம் பார்க்கச் சொன்னது லண்டன் கேனரி வார்ஃப். கட்டடக்கலைஞர் நார்மன் ஃபாஸ்டரின் அலுவலகம் வடிவமைத்து 1999-இல் திறந்தது. பழைய துறைமுகத் தொட்டி ஒன்றை வற்றவைத்து, அதற்குள் ஏறத்தாழ 300 மீட்டர் நீளப் பெட்டியாகக் கட்டிய ஸ்டேஷன். தரைக்கு மேலே தெரிவது புல்வெளியும் குமிழ் போன்ற கண்ணாடி விதானங்களும்தான். கீழே கான்கோர்ஸில் இருப்பவர் எந்தப் போர்டையும் பார்க்காமல் வெளிச்சம் இறங்குகிற பக்கம் நடந்தால் போதும், எஸ்கலேட்டர் அங்கேதான். நம் வளவின் கணக்கும் இதுதான். நேப்பிள்ஸில் 2012-இல் திறந்த தொலேதோ ஸ்டேஷனில் ஸ்பானியக் கட்டடக்கலைஞர் ஆஸ்கர் துஸ்கேத்ஸ் தெருவிலிருந்து ஆழம் வரை ஒரு ஒளிக் குழாயை இறக்கியிருக்கிறார், சுற்றிலும் நீல மொசைக். பார்க்க அள்ளிக்கொண்டு போகும். அது ஒரு காட்சிப் பொருள், கேனரி வார்ஃப் ஒரு வழிகாட்டி. நமக்கு வேண்டியது இரண்டாவது.

சரி, முற்றத்துக்குக் குறையே இல்லையா? இருக்கிறது, மூன்று பெரிய குறை.

முதலாவது மழை. வீட்டில் நாலு பக்க ஓட்டுச் சரிவும் முற்றத்தில்தான் வடியும். அண்டாவில் பிடிப்பார்கள், மிச்சம் வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். தண்ணீர் வருவது அங்கே வரம். ஸ்டேஷனில் தண்ணீர் வந்தால் ஊரே நிற்கும். சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை. ஆகவே திறந்த முற்றம் நடக்காது. கண்ணாடி மூடி வேண்டும், அதன் விளிம்புச் சுவர் தெருமட்டத்தைவிட நன்றாக உயர வேண்டும். இதற்கும் செட்டிநாட்டில் பாடம் உண்டு: தெருவிலிருந்து படி ஏறித்தான் எந்தப் பெரிய வீட்டுக்குள்ளும் போக முடியும். காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட நினைவில்தான் நகரத்தார் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். காரணம் எதுவோ, அடித்தளம் உயரம். மெட்ரோ வாசலிலும் முதலில் நாலு படி ஏறி, பிறகு இறங்குவது அதே கணக்குதான்.

இரண்டாவது வெயில். லண்டனில் கண்ணாடிக் கூரை சுகம். சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிப்பொழுது சூரியன் நேர் தலைக்கு மேலே நிற்கும். மேல்நோக்கிய கண்ணாடி வழியே அந்தச் சூடு அப்படியே ஏசி போட்ட கான்கோர்ஸுக்குள் இறங்கினால் மின்கட்டணத்தை யார் கட்டுவது? வீட்டு முற்றத்தில் சூடு மேலே போக வழி உண்டு; தாழ்வாரம் ஆழமாக இருப்பதால் வெயில் நடுவில் மட்டும் விழும், உட்கார்கிற இடம் நிழல். கண்ணாடிக்கு மேலே சட்டங்களை நெருக்கமாக வைத்து நேர் வெயிலை வெட்டி, பக்கவாட்டு வெளிச்சத்தை மட்டும் விட வேண்டும். அந்தச் சட்டத்தின் இடைவெளியைக் கணக்குப் போட்டு வரைவதுதான் இந்த புராஜெக்ட்டில் நிஜமான வேலை. பூ டிசைன் வரைவதைவிடக் கஷ்டம், மார்க்கும் அதற்குத்தான் வரும்.

மூன்றாவது தீ. திறப்பு இருந்தால் புகை எங்கே போகும் என்று தீயணைப்புத் துறை கேட்கும். சரியாக அமைத்தால் உயரமான முற்றம் புகை தேங்குவதற்கு இடம் கொடுத்து, உச்சியில் உள்ள விசிறி அதை வெளியே தள்ளும். தப்பாக அமைத்தால் பிளாட்ஃபாரத்துப் புகையை மேலே நிற்கும் கூட்டத்துக்குள் இழுத்துவிடும். அதனால் முற்றம் தெருவிலிருந்து கான்கோர்ஸ் வரை மட்டும் இறங்கட்டும். சென்னைச் சுரங்க ஸ்டேஷன்களில் பிளாட்ஃபாரம் ஓரத்தில் ஏற்கெனவே கண்ணாடிக் கதவுத் தடுப்பு இருக்கிறது. ரயிலின் காற்றும் தூசும் அதற்கு அந்தப் பக்கம் நிற்கும். பிளாட்ஃபாரத்தில் இருப்பவருக்கு முற்றத்தின் வெளிச்சம் படி வழியே தெரிந்தால் போதும்.

எந்த இடம்

முற்றத்துக்கு வானம் வேண்டும், வானத்துக்கு நிலம் வேண்டும். அண்ணா சாலையில் ஆயிரம் விளக்கு, தேனாம்பேட்டை போன்ற ஸ்டேஷன்களின் தலைக்கு மேலே சாலை ஓடுகிறது. சாலை நடுவே கண்ணாடி வைக்க யாரும் விட மாட்டார்கள். பக்கத்தில் ஒதுங்கி ஒரு சின்ன ஒளிக்கிணறு வைக்கலாம், அவ்வளவுதான். சென்ட்ரலில் இடம் உண்டு, ஆனால் இரண்டு மெட்ரோப் பாதை சந்திக்கிற அவ்வளவு பெரிய ஸ்டேஷனை ஒரு மாணவி ஒரு பருவத்தில் வரைந்து முடிக்க மாட்டாள்.

நான் சொன்னது எழும்பூர். 1908-இல் திறந்த ரயில் நிலையக் கட்டடம், அதை ஒட்டிப் பூமிக்கடியில் 2018 மே 25 முதல் மெட்ரோ. காரைக்குடியிலிருந்து கிளம்புகிற பல்லவன் எக்ஸ்பிரஸ் போய்ச் சேரும் இடமும் அதுதான். ரயிலை விட்டு இறங்கிப் பெட்டியோடு மெட்ரோவைத் தேடுகிற ஊர்க்காரருக்கு, தெருமட்டத்தில் ஒரு கண்ணாடி விதானமும் அதன் கீழே வெளிச்சமும் தெரிந்தால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். இருக்கிற ஸ்டேஷனையே மாற்றி வரைவதால் அளவுகளை நேரில் நடந்து பார்த்துச் சரிபார்க்கவும் முடியும்.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கட்டிக்கொண்டிருக்கிற ஸ்டேஷன்தான் வேண்டும் என்று அவள் சார் சொல்லி, திருமயிலையைக் கொடுத்துவிட்டால் என் தீர்ப்பு மாறும். இரண்டு பாதைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போகும் இடம், 35 மீட்டர் வரை ஆழம், மேலே நெருக்கமான தெருக்கள். அங்கே முற்றத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது வீம்பு. அந்த ஆழத்தில் ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு நிறம், ஒரு கோலம் என்று லெஸ்லி கிரீன் வழியில் போவதே புத்திசாலித்தனம். ஆத்தங்குடிக் கல்லைக் கண் மட்டத்தில் பட்டையாக வைக்கலாம். அந்தப் பட்டையைத் தொட்டுத் துடைக்கிற ஆட்களுக்கு ஆசிட் கூடாது என்று தமிழில் ஒரு குறிப்பும் வரைபடத்தில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.